யாரும் ஓட வேண்டாம்

பேட்டரிகள் வீங்கிவிட்டன என்று நான் சொன்னதும் கத்தரி கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு வீங்கியிருக்கு மேடம்?” என்பதுதான்.

இதற்கு என்ன பதில் சொல்வது? கன்னமா, காலா, டேப் வைத்து அளந்து பார்க்க? “போன வருஷம் அலமாரியிலிருந்து ஒரு கையால இழுத்தா வந்துடும் சார். இப்போ ரெண்டு பேர் இழுத்தாலும் வரல. அவ்வளவு வீங்கியிருக்கு” என்றேன். மனிதர் அதையும் குறித்துக்கொண்டார்.

கத்தரி எங்கள் மருத்துவமனையின் கணக்கு அதிகாரி. எந்தத் துறை என்ன பட்டியல் நீட்டினாலும் பாதியை வெட்டாமல் அவர் கையெழுத்துப் போட்ட சரித்திரம் கிடையாது. அப்படி வந்த பெயர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தன் அறையில் ஏசி போடாமல் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவரிடம் போய் நாற்பது பேட்டரி வேண்டும் என்று கேட்பது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனால் கேட்காமல் இருக்க முடியாது. சர்வர் அறைக்கு நான்தான் பொறுப்பு. ஒன்பது சர்வர்கள். யாருக்கு என்ன ரத்த வகை, எந்தக் கட்டிலுக்கு எந்த மருந்து எத்தனை சொட்டு, ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று இந்த மருத்துவமனைக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒன்பது பெட்டிகளுக்குள்தான் இருக்கிறது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை அவற்றை உயிரோடு வைத்திருப்பது யு.பி.எஸ். அந்த யு.பி.எஸ்ஸின் வயிற்றில் இருப்பவைதான் இந்த நாற்பது பேட்டரிகள். மேசைக் கம்ப்யூட்டர்களுக்கும் தியேட்டருக்கும் தனித்தனியாகச் சின்ன பேட்டரிகள் உண்டு, ஆனால் சர்வர் போனால் அந்தக் கம்ப்யூட்டர்கள் வெறும் பெட்டிகள்தான். ஐந்து வருடம் முடிந்துவிட்டது. அவற்றின் ஆயுளே ஐந்து வருடம்தான்.

ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்கினால் பிரச்சினையே இல்லை. தானாக மாற்றிவிடும் சுவிட்ச் ஒன்று இருந்தது. அது இரண்டு வருடத்துக்கு முன்னால் கருகியது. புதிதாகக் கேட்டோம், கத்தரி வெட்டினார். “ஆள் இருக்காரே, போய்ப் போடட்டுமே” என்றார். அந்த ஆள் என் கொழுந்தன்.

என் வீட்டுக்காரரின் தம்பி. மின்பணியாளன். அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபிறகு இரண்டு வருடம் எங்கள் வீட்டு மாடியிலேயே அடைந்து கிடந்தான். யாரோடும் பேசமாட்டான், சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் இறங்கி வருவான், அதுவும் குனிந்த தலை நிமிராமல். நான்தான் மருத்துவமனையை நடத்தும் பெரிய டாக்டரின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து அவனை இங்கே ஒப்பந்தத்தில் சேர்த்தேன். அதற்குப்பிறகுதான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கரண்ட் போனால் லாண்டரியைத் தாண்டி, ஜெனரேட்டர் இருக்கும் பின்கட்டுக்கு ஓடுவான். நடந்தால் ஏழு நிமிடம். அவன் ஓடினால் ஐந்து. நாற்பத்து மூன்று வயதில் அப்படி ஓடுகிற ஆளை நான் பார்த்ததில்லை. நர்ஸுகள் அவனுக்கு மின்னல் என்று பெயர் வைத்தார்கள்.

அவன் ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்பட வேண்டும். அதுவும் பட்ஜெட் கூட்டத்தில்தான் முடிவாகும். ஆக அந்த வருடம் ஒரே மேசைக்கு என்னுடைய இரண்டு காரியங்களும் வந்தன: பேட்டரி ஒன்று, கொழுந்தன் ஒன்று. “பாத்துக்கோ தம்பி, உன் ஒரு வருஷச் சம்பளம் இந்த அலமாரியில வீங்கிக்கிட்டு நிக்குது” என்று விலைப்பட்டியல் வந்த அன்று அவனைக் கேலி செய்தேன். என் வாயில் சனி.

முதல் கூட்டத்தில் கத்தரி ஒரு கோப்பைத் திறந்து என் பக்கம் தள்ளினார். உள்ளே மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் எழுதிக் கொடுக்கும் யு.பி.எஸ் சோதனைப் படிவங்கள்.

“இதெல்லாம் உங்க டிபார்ட்மெண்ட் கொடுத்ததுதானே மேடம்?”

“ஆமா சார்.”

“முப்பத்திரண்டு நிமிஷம். முப்பத்திமூணு. முப்பத்திரண்டு. திரும்பவும் முப்பத்திரண்டு. ஜெனரேட்டர் போட எவ்வளவு நேரம் ஆகுது?”

“ஏழு. சில சமயம் அஞ்சு.”

“ஏழு நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு நிமிஷம் கையில இருக்கு. அப்புறம் எதுக்கு மேடம் புதுசு? வீங்கினா வீங்கட்டும், வேலை செய்யுதில்ல?”

படிவங்களின் அடியில் இரண்டு கையெழுத்துகள்: சோதித்தவர் என் கொழுந்தன், சரிபார்த்தவர் நான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கார்பன் நகலோடு செய்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். முன்பு ஒருமுறை எல்லா சர்வர்களும் ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதனை செய்து, ஒன்று படுத்துவிட்டது. ரத்தப் பரிசோதனைக் கூடம் அரைநாள் கையால் எழுதியது. பெரிய டாக்டர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அன்றிலிருந்து சோதனைக்கு முன்னால் அவசரமில்லாத இரண்டு சர்வர்களை அணைத்து வைப்பது என்று ஒரு வழக்கம் வந்தது. பாரம் குறைந்தால் பேட்டரி அதிக நேரம் தாங்கும், அது யாருக்கும் தெரிந்ததுதான். படிவத்தில் நிமிடம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. எத்தனை சர்வர் ஓடியது என்று எழுதக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததை நாங்கள் எழுதவில்லை.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பேட்டரிக்கு வயதாக ஆக நிமிடம் குறைந்தது. குறைந்த எண்ணை எழுதினால் மேலே இருந்து கேள்வி வரும்: ஏன் குறைந்தது, யார் பராமரிக்கவில்லை? பழி எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். ஒப்பந்தக்காரன் தலையில்தான் விழும். அதனால் மூன்றாவது சர்வரையும் அணைக்கச் சொன்னேன். பிறகு நான்காவது. கடைசிச் சோதனையில் ஒன்பதில் ஐந்து அணைந்திருந்தன. பாதிப் பாடத்தைக் கிழித்துப்போட்டுவிட்டுப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய கதை. அவனைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் செய்தேன், சத்தியமாக.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து அவனிடம் சொன்னேன். “எல்லாம் ஓடும்போது எத்தனை நிமிஷம் தாங்கும்னு நமக்கே தெரியாது தம்பி. நான் போய் உண்மையச் சொல்லிடட்டுமா?”

மேலே அவன் மகள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

“சொல்ல வேணாம்னு சொல்லல அண்ணி. அடுத்த வியாழக்கிழமை கடைசிக் கூட்டம். என் பேப்பர்ல கையெழுத்து ஆயிடட்டும். மறுநாளே சொல்லிடுங்க. ஒரு வாரம்தானே?”

“ஒரு வாரத்துல கரண்ட் போனா?”

“நான் ஓடறேன்” என்றான்.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பிரேக் விஷயத்தில் விளையாடமாட்டார். ஆனால் தம்பி விஷயம் என்றதும் அவரும், “ஒரு வாரம்தானேம்மா” என்றார். சரி, ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. விளக்கு லேசாகச் சிமிட்டினால் சர்வர் அறைக்கு ஓடினேன்.

திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் கரண்ட் போனது.

புற நோயாளிகள் பிரிவில் தலை தலையாகக் கூட்டம். நான் சர்வர் அறையில்தான் இருந்தேன். யு.பி.எஸ் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அதன் சின்னத் திரையில் மிச்ச நேரம் பதினொரு நிமிடம் என்று காட்டியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். நாற்பது நொடியில் அது ஏழு ஆனது. அடுத்து நான் பார்த்தபோது நான்கு. கொழுந்தனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறவன் எப்படி எடுப்பான்?

பாரத்தைக் குறைக்க வேண்டும். ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினேன். முதலில் கணக்குப் பிரிவின் சர்வர். பொய் சொல்வானேன், அதை அமுக்கும்போது மனசுக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. உடனே மேசைப் போன் அடித்தது. “மேடம், என் சிஸ்டம் போச்சு” என்றார் கத்தரி. “வந்துடும் சார்” என்று வைத்துவிட்டு, சம்பளம், வருகைப் பதிவு, ஸ்கேன் என்று வரிசையாக ஏழு வரை அணைத்தேன். மிச்சம் மருந்தும் ரத்தமும். அவற்றில் கை வைக்க முடியாது. திரையில் ஒன்று என்று இருந்தது. அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடவுளே, ஓடுறா தம்பி, ஓடு, ஓடு என்று வாய்விட்டே சொன்னேன்.

விளக்கு எரிந்தது. கீச்கீச் நின்றது. ஐந்து நிமிடம் பத்து நொடி ஆகியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் நொண்டிக்கொண்டு வந்தான். பேண்ட் முழங்காலில் கிழிந்து ரத்தம். லாண்டரி ஆட்கள் துணி வண்டிகளை வழியில் நிறுத்தியிருக்கிறார்கள். தாண்டிக் குதித்ததில் விழுந்திருக்கிறான்.

“எவ்வளவு மிச்சம் இருந்தது அண்ணி?”

“ஒண்ணு.”

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு அம்மாவுக்கு வயித்தத் திறந்து வச்சிருந்தாங்களாம். வர்ற வழியில நர்ஸ் சொன்னாங்க. அந்த நேரத்துல ரத்தம் கேட்டு பிளட் பேங்க்ல கம்ப்யூட்டர் பாத்திருக்காங்க. நான் விழுந்த இடத்துலயே கிடந்திருந்தா?”

நான் அவன் முழங்காலைத் துடைக்கப் பஞ்சு எடுத்தேன்.

“சொல்லிடுங்க அண்ணி. வியாழக்கிழமையே சொல்லிடுங்க. என் பேப்பர் என்ன ஆனாலும் ஆகட்டும்.”

“உன் பேருக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன்” என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

வியாழக்கிழமை பெரிய டாக்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். கத்தரி பக்கத்தில். நான் எழுந்து நின்று, ஐந்து சர்வர்களை அணைத்துவிட்டுச் சோதனை செய்ததையும், திங்கட்கிழமை நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். யு.பி.எஸ் பதிவு செய்த காகிதத்தையும் நீட்டினேன். “எலக்ட்ரீஷியன் நான் சொன்னதைத்தான் செஞ்சார். தப்பு முழுக்க என்னுது. எனக்கு மெமோ கொடுங்க” என்றேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று பார்த்தால், “அன்னிக்குத் தியேட்டர்ல ஆபரேஷன் பண்ணிட்டிருந்தது நான்தான்மா” என்றார் மெதுவாக. பிறகு கத்தரியைப் பார்த்து, “வாங்கிக் கொடுங்க” என்றார்.

கத்தரி பென்சிலை எடுத்தார். “புதுசு போட்டா, எதையும் அணைக்காம எத்தனை நிமிஷம் வரும்?”

“இருபத்தஞ்சுக்குக் குறையாது சார்.”

“அந்தத் தானா மாத்தற சுவிட்ச், ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டீங்களே. அதையும் சேத்துப் போட்டா?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. கத்தரி தானாக ஒன்றைக் கொடுக்க வருகிறார்! கேட்டது ஒன்று, கிடைப்பது இரண்டு. திட்டு வாங்கப் போனவளுக்குப் பரிசு கிடைத்த சந்தோஷத்தில், கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

“அதையும் போட்டுட்டா பிரச்சினையே இல்ல சார். பதினஞ்சு செகண்டுல ஜெனரேட்டர் தானா வந்துடும். யாரும் ஓட வேண்டாம்.”

அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இறுதிப் பட்டியல் வந்தது. என் துறைப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். பேட்டரி நாற்பது, அனுமதி. தானியங்கி சுவிட்ச் ஒன்று, அனுமதி. எதிரே, நிதி எங்கிருந்து என்ற கட்டம். அதில் ஒரே வரி: ஒப்பந்த மின்பணியாளர் பணியிடம் ஒன்று, நீக்கம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் காரணமும் இருந்தது. துறைப் பொறுப்பாளர் தெரிவித்தபடி, இனி ஜெனரேட்டரை இயக்க ஆள் தேவையில்லை.

ஒருமுறைக்கு மூன்று முறை படித்தேன். அடிப்பாவி என்று என்னையே சொல்லிக்கொண்டேன்.

கத்தரியின் அறைக்குள் கதவைக்கூடத் தட்டாமல் போனேன். “என்ன சார் அநியாயம் இது? முழங்கால் உடைஞ்சு ஓடினவனுக்கு இதுதான் கூலியா?”

அவர் கோபப்படவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “உக்காருங்க மேடம். இது தண்டனை இல்ல. அந்தப் படிவ விஷயத்தை டாக்டர் மன்னிச்சிட்டார். உங்களுக்கு மெமோகூடக் கிடையாது. ஆனா பணம்னு ஒண்ணு வேணுமே? டயாலிசிஸ்ல வெட்டவா? குழந்தைங்க வார்டுல வெட்டவா? நீங்களே சொல்லுங்க, எந்த வரியில வெட்டட்டும்?”

பட்டியலை என் பக்கம் திருப்பி, பென்சிலையும் நீட்டினார். நான் வாங்கவில்லை.

“அப்போ அந்த சுவிட்ச் வேணாம் சார். அவனே ஓடட்டும்.”

“அந்த சுவிட்சுக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது மேடம். பேட்டரிக்குத்தான் பணம். அவர் சம்பளம்தான் அதுக்குச் சரியா வருது.” பட்டியலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “இன்னொண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. சுவிட்ச் வேணாம்னு இப்போ சொல்றீங்களே, அது சர்வருக்காகச் சொல்றீங்களா, சொந்தத்துக்காகச் சொல்றீங்களா?”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

வீட்டில் நான் சொல்வதற்கு முன்பே தெரிந்திருந்தது. அவன் மனைவி, என் ஓரகத்தி, மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாய் கொஞ்சம் நீளம் என்று நானே பலமுறை குறைபட்டிருக்கிறேன். அன்று கத்தினாள் என்றால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“நீங்க உண்மையைச் சொன்னது சரிதான் அக்கா. அவரே சொல்லச் சொன்னாராமே” என்றாள் தலை நிமிராமல். “அதுக்கு மேல அந்த ஒரு வார்த்தையை ஏன்க்கா சொன்னீங்க?”

“வாய் தவறி வந்துடுச்சும்மா.”

“தவறி வரல. பெருமையா வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அது உண்மை. அதனால்தான் அவ்வளவு வலித்தது.

பேட்டரிகள் மாதக் கடைசிக்கு ஐந்து நாள் முன்னால் வந்தன. அவன் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது. விற்றவர்கள் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்; அதற்குத் தனிக் கூலி. கத்தரி வெட்டிவிட்டார். ஆகவே வீங்கிய நாற்பதையும் நெம்பி எடுத்து, புதிய நாற்பதையும் அடுக்கியது என் கொழுந்தன்தான். முழங்காலில் கட்டு இன்னும் இருந்தது. ஒவ்வொரு திருகையும் முறுக்கிவிட்டு, அசைத்துப் பார்த்துவிட்டு, ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வைத்தான். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் பார்க்கப் போவதும் இல்லை. மறுநாள் பின்கட்டில் அந்த சுவிட்சையும் அவனே பொருத்தினான்.

“வேணாம் தம்பி, வேற ஆள் பண்ணட்டும்” என்று சொல்லிப் பார்த்தேன்.

“வேற ஆள் ஒழுங்கா மாட்டலைன்னா உங்களுக்குத்தானே அண்ணி தலைவலி?” என்றான். முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை. திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசி அழுதிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்வர் அறையில் சோதனை வைத்தோம். ஒன்பது சர்வர்களும் ஓடின. ஒன்றையும் அணைக்கவில்லை. முதலில் ஜெனரேட்டரை நிறுத்தி வைத்துப் பேட்டரியை மட்டும் பார்த்தோம். இருபத்தாறு நிமிடம் தாங்கியது. அவன் படிவத்தில் 26 என்று எழுதி, பக்கத்து வெற்றிடத்தில் கோடு போட்டு, தன் கையாலேயே ஒரு கட்டம் வரைந்தான். அதற்குள், ‘ஓடிய சர்வர்கள்: ஒன்பது’ என்று எழுதினான்.

சாயங்காலம் பேட்டரிகள் மறுபடி நிறைந்ததும், “அடுத்து சுவிட்சைப் பாத்துடலாம்” என்றான். “மெயினை இறக்குங்க அண்ணி.”

நான் மெயினை இறக்கினேன். விளக்கு போனது. யு.பி.எஸ் கீச்சென்றது.

அந்தச் சத்தம் கேட்டதும் அவன் ஓடினான். நினைத்து ஓடவில்லை, கால் தானாக ஓடியது. கதவைத் திறந்து, நொண்டிக்கொண்டு, நடைபாதையில் பாதி தூரம் போய்விட்டான். விளக்கு எரிந்தது. தூரத்தில் ஜெனரேட்டர் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

அவன் அங்கேயே நின்றான். முன்னாலும் போகவில்லை, திரும்பவும் இல்லை. எதிரே தள்ளுவண்டியோடு வந்த நர்ஸ் சுவரோரம் ஒதுங்கி, “என்ன மின்னல், கரண்ட்தான் வந்துடுச்சே, எங்க ஓடுறீங்க?” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் திரும்பி வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவன் வந்து, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிவிட்டு, படிவத்தில் பதினான்கு நொடி என்று எழுதினான். சோதித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் நீட்டினான்.

“நீங்களும் போட்டுடுங்க அண்ணி” என்றான். “இந்தத் தடவை எல்லாம் சரியா இருக்கு.”

நான் போட்டேன்.